முதுகு நிமிர்ந்த பிறகு

வளைந்த முதுகுத்தண்டுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிள்ளையின் மருத்துவக் கோப்பில் இரண்டு எக்ஸ்ரே படங்கள் கட்டாயம் இருக்கும். முதல் படத்தில் தண்டு ஒருபக்கம் ஒதுங்கி, முறுகி, இடுப்புக்கு அருகே மறுபக்கம் திரும்பியிருக்கும். இரண்டாவது படத்தில் அது ஏறத்தாழ நேராகியிருக்கும். அதன் இருபுறமும் கம்பிகளும் ஸ்க்ரூக்களும் வெள்ளை வெளேரென்று தெரியும். “அறுபது டிகிரி இருந்தது, இருபதுக்கு வந்துவிட்டது” என்பார் மருத்துவர். பெற்றோர் கைகூப்பிவிட்டுப் புறப்படுவார்கள்.

சிகிச்சை வென்றது என்பதற்கு இது போதுமா? போதாது. அந்தப் பதினான்கு வயதுப் பெண் பள்ளிக்குத் திரும்பிய பிறகு எப்படி இருக்கிறாள்? ஏழு பீரியடும் பெஞ்சில் உட்கார முடிகிறதா? இரவில் புரண்டு படுக்க முடிகிறதா? துப்பட்டாவை எந்நேரமும் முதுகுவரை இழுத்துப் பரப்பிக்கொண்டு நின்றவள், இன்று அந்த நினைப்பே இல்லாமல் தோழிகளோடு நிற்கிறாளா? இவற்றில் ஒன்றுக்கும் எக்ஸ்ரேயில் பதில் கிடையாது.

உடல் சீரானதா என்பது ஒரு கேள்வி. வாழ்க்கை சீரானதா என்பது வேறு கேள்வி. இரண்டாவது கேள்வியை முறையாகக் கேட்க மருத்துவ உலகம் பிந்தித்தான் கற்றுக்கொண்டது. கிடைத்திருக்கும் பதில்கள் பெரும்பாலும் ஆறுதல் தருபவை. சில பதில்கள் எச்சரிக்கின்றன. வளரும் பிள்ளையின் முதுகைப் பார்த்துக் கவலைப்படும் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

வளைவு எங்கிருந்து வருகிறது?

பக்கவாட்டிலிருந்து பார்த்தால் எல்லார் முதுகுத்தண்டுக்கும் வளைவு உண்டு. கழுத்திலும் கீழ்முதுகிலும் உள்நோக்கியும், மேல்முதுகில் வெளிநோக்கியும் அது வளைந்திருக்கிறது. பின்னாலிருந்து பார்க்கும்போது மட்டும் நேராக இருக்க வேண்டும். அப்படியில்லாமல் இடமோ வலமோ 10 டிகிரிக்கு மேல் வளைந்திருந்தால் அதற்கு ஸ்கோலியோசிஸ் என்று பெயர். வளைவின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் அதிகம் சாய்ந்திருக்கும் முள்ளெலும்புகளை ஒட்டிக் கோடு போட்டு, அந்தக் கோடுகளுக்கு இடையிலுள்ள கோணத்தை அளக்கிறார்கள். அமெரிக்க எலும்பு மருத்துவர் ஜான் ராபர்ட் காப் 1948-இல் விளக்கிய இந்த அளவுதான் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. காப் கோணம் என்றே அது அழைக்கப்படுகிறது.

ஆனால் இது பக்கவாட்டு வளைவு மட்டுமல்ல. முள்ளெலும்புகள் வளையும்போதே சுழலவும் செய்கின்றன. அவற்றோடு இணைந்த விலா எலும்புகளும் கூடவே சுழல்வதால், பிள்ளை குனியும்போது முதுகின் ஒருபக்கம் மேடாகத் தெரிகிறது. குனியவைத்துப் பார்த்தால் இந்த மேடு புலப்படும் என்பதை 1865-இலேயே ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஆடம்ஸ் எழுதிவைத்தார். காசு செலவில்லாத அந்தச் சோதனைக்கு இன்றும் மதிப்புக் குறையவில்லை.

10 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இவ்வளைவு இருக்கிறது. சிறிய வளைவு ஆண், பெண் இருபாலாருக்கும் ஏறத்தாழச் சமமாகவே வருகிறது. 30 டிகிரியைத் தாண்டும் வளைவோ பெண்பிள்ளைகளிடம் பல மடங்கு அதிகம். உடல் கிடுகிடுவென்று உயரும் காலத்தில்தான் வளைவும் வேகம் எடுக்கிறது. நேற்றுவரை ஒன்றும் தெரியாமல் இருந்து, பிள்ளை ஆளாகும் சமயத்தில் “ஒரு தோள் இறங்கியிருக்கே” என்று தலைபின்னும் அம்மாவோ, அளவெடுக்கும் தையற்காரரோ சொல்வது இதனால்தான்.

இந்தப் பருவத்தில் வரும் வளைவுகளில் பெரும்பாலானவற்றுக்கு இன்னதுதான் காரணம் என்று சொல்ல முடிவதில்லை. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் வரும் வாய்ப்பு கூடுகிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011-இல் இதனோடு தொடர்புடைய ஒரு மரபணுப் பகுதியை அடையாளம் கண்டார்கள். பள்ளிப் பையின் பாரம் இதற்குக் காரணமல்ல. கூனி உட்கார்ந்ததும் காரணமல்ல. தாய் கர்ப்பகாலத்தில் சரியாகச் சாப்பிடாததால் வந்தது என்பதும் ஆதாரமற்ற பேச்சு. இதைச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் “நிமிர்ந்து உட்காரு என்று எத்தனை தடவை சொன்னேன்” என்ற வசவைத்தான் இந்தப் பிள்ளைகள் முதலில் கேட்கிறார்கள். தன் தவறால் தன் முதுகு கோணியது என்று நம்பும் பிள்ளை, சிகிச்சைக்கு வருமுன்னே காயப்பட்டுவிடுகிறது.

எப்போது கத்தி?

வளைவு 25 டிகிரிக்குக் கீழே இருந்தால் சில மாத இடைவெளியில் கவனித்து வருவார்கள். வளர்ச்சி மிச்சமிருக்கும் பிள்ளைக்கு 25 முதல் 40 டிகிரி வரை இருந்தால், உடலைச் சுற்றி அணியும் பிரேஸ் பரிந்துரைக்கப்படும். அது பயன் தருமா என்ற நெடுநாள் சந்தேகத்தை அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2013-இல் வெளியான ஆய்வு தீர்த்தது. பிரேஸ் அணிந்தவர்களில் 72 சதவீதம் பேருக்கு வளைவு 50 டிகிரியை எட்டாமல் நின்றது. அணியாமல் கவனிக்கப்பட்டவர்களில் 48 சதவீதம் பேருக்கே நின்றது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 13 மணி நேரமோ அதற்கு மேலோ அணிந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் தப்பினார்கள். பலன் இவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள்.

வளைவு 45, 50 டிகிரியைத் தாண்டும்போதுதான் அறுவை சிகிச்சைப் பேச்சு வருகிறது. மேல்முதுகில் 50 டிகிரியைக் கடந்த வளைவு, உடல் வளர்ச்சி முடிந்த பிறகும் ஆண்டுக்குச் சராசரியாக ஒரு டிகிரி வீதம் கூடிக்கொண்டே போகும். பதினாறு வயதில் 55 டிகிரி என்றால் ஐம்பது வயதில் எங்கே போய் நிற்கும் என்பதைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். 80 டிகிரியைத் தாண்டினால் மார்புக்கூடு நெருக்குண்டு மூச்சுக்கும் சிரமம் வரலாம்.

இங்கே ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், எந்தச் சிகிச்சையும் எடுக்காத ஸ்கோலியோசிஸ் நோயாளிகளை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2003-இல் வெளியானது. அவர்களில் பெரும்பாலோர் வேலை பார்த்தார்கள், குடும்பம் நடத்தினார்கள், மற்றவர்களைப் போலவே முதுமையை எட்டினார்கள். நாள்பட்ட முதுகுவலி மட்டும் அவர்களில் 61 சதவீதம் பேருக்கு இருந்தது. ஒப்பிடப்பட்ட மற்றவர்களில் 35 சதவீதம் பேருக்குத்தான் இருந்தது. தங்கள் தோற்றத்தைப் பற்றிய மனக்குறையும் அவர்களிடம் கூடுதலாக இருந்தது.

பதின்பருவ வளைவுக்கான அறுவை பெரும்பாலும் இன்றைய உயிரைக் காப்பதற்கானது அல்ல என்பதே இதன் பொருள். அது நாளைய வலியை, நாளைய கோணலை, நாளைய மூச்சுத் திணறலைத் தடுப்பதற்கானது. ஒரு பிள்ளையைப் பல மணி நேர அறுவைக்கு உட்படுத்துவதற்கு நாம் சொல்லும் நியாயம், அதன் வாழ்க்கை மேம்படும் என்பதுதான். அப்படியானால் வாழ்க்கை மேம்பட்டதா என்று கேட்காமல் விடுவது அந்த நியாயத்தையே கைவிடுவதாகும்.

கம்பி தாங்கும், எலும்பு இணையும்

அறுவையில் நடப்பது என்ன? முதுகின் நடுவே நீளமாகக் கீறி, தசைகளை விலக்கி, முள்ளெலும்புகளில் ஸ்க்ரூக்களைப் பொருத்துகிறார்கள். உடலுக்கேற்ற வளைவோடு வடிவமைத்த இரண்டு கம்பிகளை அவற்றோடு இணைத்து, கோணிய தண்டை மெல்ல நேர்வழிக்குக் கொண்டுவருகிறார்கள். முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள சிறு மூட்டுகளை நீக்கி, அங்கே எலும்புத் துணுக்குகளை நிரப்புகிறார்கள். அடுத்த ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் அந்தப் பகுதி முழுவதும் ஒரே எலும்பாக இணைந்துவிடுகிறது. கான்கிரீட் இறுகும்வரை தளத்தைத் தாங்கும் சென்ட்ரிங் செய்யும் வேலைதான் கம்பியின் வேலை. எலும்பு இணைந்தபின் பாரத்தைச் சுமப்பது எலும்பே. ஆனாலும் தொந்தரவு தராதவரை கம்பியை எடுப்பதில்லை.

இந்த இடத்துக்கு வந்துசேர நூறாண்டு பிடித்தது. நியூயார்க்கின் ரஸல் ஹிப்ஸ் 1911-இல் காசநோய் தாக்கிய முதுகெலும்புகளை இணைக்கும் அறுவையைச் செய்தார். சில ஆண்டுகளில் அதே முறையை ஸ்கோலியோசிஸுக்கும் கொண்டுவந்தார். கம்பி என்று ஒன்று இல்லாத காலம் அது. பிள்ளைகள் மாதக்கணக்கில் பிளாஸ்டர் கட்டுக்குள் படுத்துக் கிடந்தார்கள். 1950-களில் போலியோ தாக்கி முதுகு சரிந்த பிள்ளைகள் ஹூஸ்டன் நகரில் குவிந்தபோது, பால் ஹாரிங்டன் எஃகுக் கம்பி ஒன்றை வடிவமைத்தார். 1962-இல் அவர் தம் அனுபவத்தை வெளியிட்டார். அடுத்த இருபது ஆண்டுகளுக்கு அந்தக் கம்பிதான் உலகெங்கும் கோலோச்சியது.

ஹாரிங்டன் கம்பி வளைவை இழுத்து நீட்டியது. இழுத்த இழுப்பில், கீழ்முதுகுக்கு இயல்பாக இருக்க வேண்டிய உள்வளைவும் சிலருக்குத் தட்டையாகிப்போனது. முன்னாலிருந்து எடுத்த எக்ஸ்ரேயில் முதுகு நேராகத் தெரிந்தது. ஆண்டுகள் கழித்து அவர்களில் சிலருக்கு உடல் முன்னோக்கிச் சாய்ந்தது, நிமிர்ந்து நிற்க முழங்காலை மடக்க வேண்டியிருந்தது, வலி நிரந்தரமானது. படத்தில் கிடைத்த வெற்றி வாழ்க்கையில் தோல்வியாகலாம் என்ற பாடத்தை மருத்துவ உலகம் கற்றது இந்த நோயாளிகளின் முதுகிலிருந்துதான். 1980-களில் பிரான்ஸின் கோத்ரெலும் துபூசேவும் முப்பரிமாணத்தில் திருத்தும் முறையைக் கொண்டுவந்தார்கள். 1990-களில் கொரியாவின் சே-இல் சுக், மேல்முதுகின் முள்ளெலும்புகளிலும் ஸ்க்ரூ பொருத்திக் காட்டினார். இன்று பக்கவாட்டுக் கோணத்தோடு இயல்பான உள்வளைவையும் சேர்த்தே திட்டமிடுகிறார்கள்.

பெற்றோரை வாட்டும் பயம் கால் விளங்காமல் போய்விடுமோ என்பது. ஒரு காலத்தில் அறுவையின் நடுவே மயக்கத்தைக் குறைத்து, “காலை அசை” என்று சொல்லிப் பார்ப்பார்கள். இன்று அறுவை முடியும்வரை தண்டுவடத்தில் மின்சமிக்ஞைகள் ஒழுங்காகப் போய் வருகின்றனவா என்று கருவி கண்காணிக்கிறது. பதின்பருவ ஸ்கோலியோசிஸ் அறுவையில் நரம்புப் பாதிப்பு நூறில் ஒருவருக்கும் குறைவாகவே நேர்கிறது; அவர்களிலும் பலர் தேறிவிடுகிறார்கள். ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் ஊரில் பேசிக்கொள்ளும் அளவுக்கு ஆபத்தில்லை.

22 கேள்விகள்

வாழ்க்கையின் தரத்தை எப்படி அளப்பது? 1966-இல் தொடங்கிய ஸ்கோலியோசிஸ் ஆய்வுச் சங்கத்தின் பெயரால் வழங்கும் எஸ்.ஆர்.எஸ்-22 என்னும் வினாத்தாள் இதற்கான முக்கியக் கருவி. நோயாளியே நிரப்ப வேண்டிய 22 கேள்விகள் அதில் உள்ளன. அன்றாட இயக்கம், வலி, தன்னுருவம் பற்றிய எண்ணம், மனநலம் ஆகிய நான்குக்கும் ஐந்தைந்து கேள்விகள். சிகிச்சையில் திருப்தி பற்றி இரண்டு. ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். ஐந்து என்றால் மிக நன்று.

அறுவைக்கு முன்னும் பின்னும் இதை நிரப்பக் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வுகள் பல நாடுகளில் வந்துவிட்டன. அவற்றில் திரும்பத் திரும்பத் தெரியும் சில உண்மைகள் உண்டு. மிக அதிகமாக உயர்வது தன்னுருவம் பற்றிய மதிப்பெண். வலி மதிப்பெண் ஓரளவு உயர்கிறது. அன்றாட இயக்கம் முதல் சில மாதங்களில் சரிந்து, ஓரிரு ஆண்டுகளுக்குள் பழைய நிலையை எட்டுகிறது. சிகிச்சையில் திருப்தி பெரும்பாலோரிடம் உயர்வாக இருக்கிறது.

இன்னோர் உண்மை சிந்திக்கவைப்பது. காப் கோணத்துக்கும் இந்த மதிப்பெண்களுக்கும் உள்ள தொடர்பு பலவீனமானது. 70 டிகிரியை 20-க்குக் கொண்டுவந்தவரைவிட, 55-ஐ 25-க்குக் கொண்டுவந்தவர் கூடுதல் நிறைவோடு இருக்கக்கூடும். எத்தனை டிகிரி குறைந்தது என்பதை வைத்து அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. அதற்குப் பிள்ளையைத்தான் கேட்க வேண்டும். பெற்றோரைக் கேட்டாலும் போதாது. பிள்ளையின் கவலையும் பெற்றோரின் கவலையும் ஒன்றாக இருப்பதில்லை. தாய் கல்யாணத்தை நினைத்துக் கலங்குவாள். மகளோ அடுத்த மாதம் வரும் ஆண்டுவிழாவில் எந்த உடை போடுவது என்று கலங்குவாள். இரண்டும் உண்மையான கவலைகள்தாம். ஆனால் முதுகு மகளுடையது.

தோற்றக் கவலை சின்ன விஷயமல்ல

மிக அதிகம் மேம்படுவது தன்னுருவம்தான் என்றதும், ‘அப்படியானால் இது அழகுக்காகச் செய்யும் அறுவையா?’ என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. அந்தக் கேள்வி பதின்பருவத்தை அறியாதவர்களுடைய கேள்வி. தான் யார், பிறர் கண்ணில் தான் எப்படித் தெரிகிறேன் என்பதை ஒரு மனிதர் உருவாக்கிக்கொள்ளும் வயது அது. ஒரு தோள் உயர்ந்து, இடுப்பு ஒருபக்கம் ஒடுங்கி, தோள்பட்டை எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் பிள்ளை, விளையாட்டு வகுப்பைத் தவிர்க்கிறது. குழுப் புகைப்படத்தில் பின்வரிசைக்குப் போகிறது. வெயிலிலும் தளர்ந்த உடுப்புகளுக்குள் ஒளிகிறது. தன் உடலை மறைப்பதிலேயே நாளைக் கழிக்கும் பிள்ளைக்கு நட்பிலும் படிப்பிலும் செலுத்தக் கவனம் எங்கே மிஞ்சும்? அந்தச் சுமை இறங்குவது மருத்துவப் பலன்தான்.

அறுவைக்குப் பின் நெடுந்தழும்பு ஒன்று மிஞ்சுகிறது. அதை எப்படிப் பார்ப்பது என்பதைக் குடும்பம்தான் கற்றுத்தருகிறது. பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் இளவரசி யூஜினிக்கு 2002-இல், பன்னிரண்டு வயதில், லண்டனில் இந்த அறுவை நடந்தது. 2018 அக்டோபர் 12-ஆம் நாள் வின்ட்சரில் நடந்த தம் திருமணத்துக்கு, முதுகுத் தழும்பு தெரியும்படி உடை தைக்கச் சொல்லி அணிந்தார். கோடிக்கணக்கானோர் பார்த்த அந்தத் தழும்பு, அதே அறுவையைச் செய்துகொண்ட எத்தனையோ பெண்களுக்குத் தெம்பு தந்தது. எல்லாரும் காட்டித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. காட்டவும் மறைக்கவும் பிள்ளைக்கு உரிமை உண்டு. ‘ஊர் என்ன சொல்லும்’ என்று நாம் அச்சுறுத்தி மறைக்கவைப்பதுதான் தவறு.

எல்லாருக்கும் வலி போவதில்லை

ஆறுதலான செய்திகளோடு இதையும் சேர்த்தே படிக்க வேண்டும். பாஸ்டன் சிறுவர் மருத்துவமனை ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், அறுவைக்கு முன் 35 சதவீதம் பேர் மிதமானது முதல் கடுமையானது வரையான வலியோடு இருந்தார்கள். ஓராண்டில் அது 11 சதவீதமாகக் குறைந்தது. இரண்டாம் ஆண்டிலும் ஐந்தாம் ஆண்டிலும் 15 சதவீதமாக இருந்தது. பெரும்பாலோருக்கு நல்ல பலன்தான். ஆனாலும் ஐந்தாண்டு கழித்தும் ஏழில் ஒருவர் வலியோடு இருக்கிறார். கம்பி சரியாக இருக்கிறது, எலும்பு இணைந்துவிட்டது, எக்ஸ்ரேயில் குறையில்லை. வலி மட்டும் இருக்கிறது.

அந்த ஒருவர் யாராக இருப்பார்? அறுவைக்கு முன்பே அதிக வலியோடும் அதிகப் பதற்றத்தோடும் இருந்த பிள்ளைகளுக்குத்தான் வலி நீடிக்கும் வாய்ப்பு கூடுதல் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. வலியை நரம்பு மண்டலம் கற்றுக்கொள்கிறது. பயமும் தூக்கமின்மையும் அந்தக் கற்றலை ஆழப்படுத்துகின்றன. ‘மனசுக்குள்ளதான் வலி’ என்று ஒதுக்குவதற்கு இதில் இடமில்லை, வலி உண்மையானது. அறுவைக்கு முன்பே பிள்ளையின் பயத்துக்குக் காது கொடுப்பதும், தேவைப்பட்டால் மனநல ஆலோசகரிடம் அழைத்துப்போவதும் சிகிச்சையின் ஒரு பகுதி என்பதே இதிலிருந்து பெற வேண்டிய பாடம். ரத்தப் பரிசோதனைக்குக் காட்டும் அக்கறையில் பாதியையாவது இதற்குக் காட்டலாம்.

வளையாத பகுதியோடு வாழ்தல்

அறுவை கொடுப்பதோடு எடுத்துக்கொள்ளவும் செய்கிறது. இணைக்கப்பட்ட பகுதி இனி வளையாது. எவ்வளவு இழப்பு என்பது எந்த இடம்வரை இணைத்தார்கள் என்பதைப் பொறுத்தது. மேல்முதுகு விலா எலும்புகளோடு பிணைந்திருப்பதால் இயல்பிலேயே குறைவாகத்தான் வளையும். அதை மட்டும் இணைத்தவர்கள் பெரிய வேறுபாட்டை உணர்வதில்லை. கீழ்முதுகில் எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவுக்கு நெகிழ்வு குறையும். ஆகவேதான் முடிந்தவரை குறைந்த முள்ளெலும்புகளை இணைக்க மருத்துவர்கள் பாடுபடுகிறார்கள். எதுவரை இணைக்கப் போகிறார்கள் என்பது ஒவ்வொரு பெற்றோரும் கேட்க வேண்டிய கேள்வி.

மருத்துவமனை வாசம் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். அறுவைக்கு மறுநாளே எழுப்பி உட்காரவைப்பார்கள், நடக்கவைப்பார்கள். நான்கு முதல் ஆறு வாரத்தில் பலர் பள்ளிக்குத் திரும்புகிறார்கள். பாரம் தூக்குதல், முறுக்கித் திரும்புதல், குனிந்து எடுத்தல் ஆகியவற்றுக்குச் சில மாதம் தடை இருக்கும். நீச்சல், ஓட்டம் போன்றவை மூன்று முதல் ஆறு மாதத்தில் தொடங்கலாம். மோதி விளையாடும் ஆட்டங்களுக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு ஆகும். தரையில் சம்மணமிட்டு உட்காருவது பெரும்பாலும் இடுப்பு மூட்டின் வேலை. எலும்பு தேறியதும் அது கைகூடும்.

அமெரிக்க கோல்ஃப் வீராங்கனை ஸ்டேசி லூயிஸ் ஏழாண்டுகளுக்கு மேல் நாளுக்கு 18 மணி நேரம் பிரேஸ் அணிந்தார். அப்படியும் வளைவு நிற்கவில்லை. 2003-இல், பதினெட்டு வயதில், ஒரு கம்பியும் ஐந்து ஸ்க்ரூக்களும் அவர் முதுகில் பொருத்தப்பட்டன. கோல்ஃப் மட்டையை வீச உடலை முறுக்கியே ஆக வேண்டும். அந்த ஆட்டத்தில் அவர் 2013-இல் உலகின் முதலிடத்தைப் பிடித்தார். எல்லாரும் அவ்வளவு உயரம் எட்டுவார்கள் என்பதல்ல; கம்பி இருக்கும் முதுகால் எதுவும் முடியாது என்ற பேச்சு பொய் என்பதற்கு அவர் சான்று.

வீடுகளில் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்று உண்டு: கல்யாணம், பிள்ளைப்பேறு என்ன ஆகும்? ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் 1968 முதல் 1977 வரை அறுவையோ பிரேஸ் சிகிச்சையோ பெற்றவர்களை, இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துத் தேடிக் கண்டுபிடித்து ஆய்வு செய்தார்கள். அவர்களுடைய உடல், மன நலன் சார்ந்த வாழ்க்கைத் தரம் பொதுமக்களுடையதற்கு ஏறத்தாழ இணையாக இருந்தது. மணவாழ்விலும் குழந்தைப் பேற்றிலும் அவர்கள் மற்றவர்களுக்குப் பின்தங்கிவிடவில்லை. அவர்களில் அறுவை செய்துகொண்டவர்கள் பெற்றதோ பழைய ஹாரிங்டன் கம்பிகள். முதுகு இணைக்கப்பட்ட பெண் கருவுறலாம், சுகப்பிரசவமும் ஆகலாம். கீழ்முதுகு இணைக்கப்பட்டிருந்தால் முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்வது கடினமாகலாம். பழைய எக்ஸ்ரேயை மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே காட்டினால் போதும். பெண்பார்க்க வருகிறவர்களிடம் மறைக்க வேண்டிய குறையாக இதை நடத்துவதற்கு மருத்துவத்தில் எந்த ஆதாரமும் இல்லை.

வேறு வளைவுகள், வேறு கேள்விகள்

எல்லா வளைவும் ஒரே வகையல்ல. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளுக்கு, தசைகளின் சமநிலை குலைவதால் முதுகு சரிகிறது. பலர் தாமே வினாத்தாளை நிரப்ப இயலாதவர்கள். அவர்களுக்காகக் கனடாவின் டொரன்டோவில் உருவாக்கப்பட்ட வினாத்தாள், அவர்களைப் பராமரிப்பவரிடம் வேறு கேள்விகளைக் கேட்கிறது. நாற்காலியில் சாயாமல் உட்கார முடிகிறதா, உடை மாற்றுவது எளிதாயிற்றா, பிள்ளை நிம்மதியாக இருக்கிறதா? இந்தப் பிள்ளைகளுக்கு அறுவையின் ஆபத்து கூடுதல். ஆயினும் நிமிர்ந்து உட்கார்ந்து எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்க முடிவது அவர்கள் வாழ்க்கையில் பெரிய மாற்றம்.

நம் மண்ணில் இன்னொரு வகையையும் மறக்க முடியாது. சிறுவயதில் முதுகெலும்பைக் காசநோய் தாக்கினால், மருந்தால் நோய் குணமான பிறகும் கூன் வளரலாம். கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரன், இப்படிப் பாதிக்கப்பட்ட குழந்தைகளை 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வை 2001-இல் வெளியிட்டார். நோய் குணமான பிறகும் பத்தில் ஏறத்தாழ நான்கு பேருக்கு, வளர வளரக் கூனும் கூடியது. யாருக்கு அப்படி ஆகும் என்பதை எக்ஸ்ரேயில் முன்கூட்டியே காட்டும் நான்கு அடையாளங்களையும் அவர் வகுத்துத் தந்தார். காசநோய் மருந்து முடிந்ததும் பின்தொடர்தலை நிறுத்திவிடக் கூடாது என்பதற்கு உலகம் இன்று மேற்கோள் காட்டும் ஆய்வு அது.

நாம் செய்யக்கூடியது

பத்து வயதிலிருந்து பதினைந்து வயதுவரை, ஆண்டுக்கு ஓரிரு முறை பிள்ளையின் முதுகைப் பாருங்கள். கால்களைச் சேர்த்து, கைகளை முன்னால் கோத்துக் குனியச் சொல்லுங்கள். ஒருபக்கம் மேடாகத் தெரிந்தால் எலும்பு மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். சுளுக்கு எடுப்பவரிடமும், உருவிவிட்டு நேராக்குகிறேன் என்பவரிடமும் போய்க் காலத்தைக் கழிக்காதீர்கள். அந்த மாதங்களில்தான் வளைவு வளர்கிறது. பிரேஸால் நின்றிருக்கக்கூடியது கத்திவரை போய்விடுகிறது.

அறுவை தேவை என்று மருத்துவர் சொன்னால், பிள்ளையையும் அந்தப் பேச்சில் உட்காரவையுங்கள். எதுவரை இணைப்பார்கள், எப்போது விளையாடலாம், எவ்வளவு வலிக்கும் என்று அது தானே கேட்கட்டும். ஆசிரியர்களே, திரும்பி வரும் பிள்ளையைக் காட்சிப்பொருளாக்காமல், நடுவில் எழுந்து நடக்க அனுமதி கொடுங்கள். கனமான பையைச் சுமக்க ஒரு துணை கொடுங்கள். மருத்துவர்களே, ஓராண்டு கழித்து வரும் பிள்ளையிடம் எக்ஸ்ரேயைப் பார்ப்பதற்கு முன் முகத்தைப் பார்த்து, எப்படித் தூங்குகிறாய், எப்படி விளையாடுகிறாய், கண்ணாடியில் பார்க்கும்போது என்ன தோன்றுகிறது என்று கேளுங்கள். பதிலைக் கோப்பில் எழுதுங்கள்.

இந்த அறுவையைச் செய்துகொண்ட பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் படிக்கிறார்கள், விளையாடுகிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், குடும்பம் நடத்துகிறார்கள். வலியோடு மிஞ்சும் சிலரையும் நாம் கண்டுபிடித்து உதவ முடியும். அதற்கு ஒரே வழி, அவர்களைக் கேட்பதும் அவர்கள் சொல்வதை நம்புவதும்தான்.